மஞ்சள் கொடியைச் சுற்றிப் புல்

கார்னெட் ஃபோர்க், கென்டக்கி
மே 17, 1994

அன்புள்ள மிஸ் ஒலீட்டா,

கொடிகளின் காலடி வரைக்கும் புல் ஒரே மட்டமாக இருக்கிறது. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான்.

கேஸ் கம்பெனிக்காரர்கள் தரைக்குள் குழாய் போகும் வழியைக் காட்டக் குத்திவைத்த மஞ்சள் கொடிகளைச் சொல்கிறேன். கொடி நிற்கும்போது புல் வெட்டினால் கத்தி பக்கத்தில் போக முடியாது. ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் ஒரு கொத்துப் புல் மிச்சம் நிற்கும். இவற்றைச் சுற்றி எதுவும் இல்லை. அப்படியானால் யாரோ கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புல்லை வெட்டி, பிறகு திரும்பக் குத்தியிருக்கிறார்கள். பிடுங்கிய இடத்திலேயே குத்தினார்களா என்பது தெரியாமல் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து கடிதம் வருவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். மார்ச்சில் உங்கள் பார்லருக்கு வந்த போதகர் மனைவியின் கார் எங்கள் வண்டிப்பாதையை அடைத்து நின்றதையும், டாடி ஆளை வரவழைத்து அதை இழுத்துப் போகச் செய்ததையும், நீங்கள் அவரைப் பற்றிச் சொன்னதையும் நான் மறுபடி எழுத வேண்டியதில்லை. "இந்த வீட்டு ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது" என்று டாடி சொல்லிவிட்டார். முதுகு வலியால் வேலைக்குப் போகாமல் நாள் முழுக்க முன்வாசலிலேயே இருக்கிறார். எனக்கு ஃபோனில் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

தபால் நிலையக் கவுண்டரில் வெர்னெல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு வேலிகூட இல்ல. நீ இத லெக்சிங்டன் சுத்தி அனுப்புறியா?" என்றாள். நானே உங்கள் பெட்டியில் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "தபால்தல ஒட்டாம அடுத்தவங்க பெட்டில போட்டா அது குத்தம், கண்ணு. தபால் மூட்ட லெக்சிங்டன் போய்ப் பிரிச்சாத்தான் திரும்பும். பொறுத்துக்க" என்றாள்.

கொடி குத்தியபோது நான் ஊரில் இல்லை. அக்காவின் பிரசவத்துக்கு லெக்சிங்டன் போயிருந்தேன். திரும்பி வந்ததும், பார்லரை இடிக்கப் போகிறார்கள் என்று யாரோ சொன்னதாக அம்மா சொன்னாள். அது நிஜமா? உங்கள் பின்பக்கத்துப் புல்லை யார் வெட்டினார்கள்?

பள்ளியை விட்ட பிறகு நீங்கள் கொடுத்த வேலைதான் எனக்குப் பிடித்தது. தலையை அலசிவிடும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதற்காக மட்டும் கேட்கவில்லை.

டார்லா ஸ்டிட்ஹாம்


மே 21

டார்லா,

உன் கடிதம் பாதி கென்டக்கியைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தது. நான் எழுதுவதும் அதே வழியில்தான் வரும். உன் அப்பா பெட்டியைத் திறப்பதற்குள் நீ திறந்துகொள்.

நிஜம்தான். ஜூன் முடிவதற்குள் பார்லரை அகற்ற வேண்டுமாம். நான் செய்யாவிட்டால் கம்பெனிக்காரர்களே செய்வார்களாம். பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் புதுசு போடப் போகிறார்கள். அதன் பாதையில் என் கட்டடம் நிற்கிறதாம்.

இந்த நிலத்தை என் தாத்தா வாங்கியபோது, ஒரு குழாய் போட்டுக்கொள்ளலாம் என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உங்கள் நிலத்துக்கும் அதே கதைதான். நிலம் என்னுடையது, வரி கட்டுவது நான், புல் வெட்டுவதும் நான். ஆனால் குழாய் கிடக்கும் இடத்திலிருந்து இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி, எப்போது வேண்டுமானாலும் வந்து தோண்டும் உரிமை அவர்களுடையது. அந்தப் பத்தடிக்குள் ரோஜாச் செடி வைக்கலாம். சுவர் வைக்கக் கூடாது. குழாய் எங்கே கிடக்கிறது என்று அந்தக் காகிதத்தில் எழுதவில்லை. கிடக்கிற இடத்தில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

நான் பார்லர் கட்டும்போது குழாய் உங்கள் பக்கம் வளைந்து போகிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இப்போது கம்பெனியிலிருந்து ஒரு பையன் அளவு நாடாவோடு வந்தான். கொடியிலிருந்து என் சுவர் வரைக்கும் இழுத்தான். "ஆறடிகூட இல்லீங்களே, மேடம்" என்றான். நான் உள்ளே ஒரு பெண்ணுக்குத் தலையில் சுருள் சுற்றிக்கொண்டிருந்தேன். "தம்பி, இந்தக் கடை பன்னெண்டு வருசமா இங்கதான் நிக்குது" என்றேன். "குழாய் அறுவது வருசமா இருக்குதுங்க" என்றான். மரியாதையான பையன்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

புல்லை நான் வெட்டவில்லை. என் மெஷின் ஏப்ரலிலேயே செத்துவிட்டது. முழங்கால் வரை வளர்ந்து கிடந்தது. அன்னையர் தினத்துக்கு என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் எல்லாம் வெட்டிக் கிடக்கிறது. சர்ச் பையன்கள் வேலை என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் நன்றி சொன்னேன். ஒருவனும் மறுக்கவில்லை. நான் செய்த தேங்காய் கேக்கை உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனார்கள்.

இப்போது நீ கேட்ட பிறகு என்னாலும் உட்கார முடியவில்லை.

ஒலீட்டா


மே 24

அன்புள்ள மிஸ் ஒலீட்டா,

சர்ச் பையன்கள் வெட்டவில்லை.

எங்கள் மெஷினின் கத்தி ஒரு முனையில் வளைந்திருக்கிறது. போன வருடம் டாடி அதைக் கல்லில் மோதிவிட்டார். அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் விரல் அகலத்துக்குப் புல் நின்றுவிடும். தலைமுடியில் சீப்பு எடுத்த வகிடு மாதிரி. எங்கள் புல்வெளி முழுக்க அந்த வகிடுகள் உண்டு. நேற்று துணி காயப்போடும் சாக்கில் உங்கள் பின்பக்கத்தைப் பார்த்தேன். அங்கேயும் இருக்கின்றன.

முன்பெல்லாம் டாடி வெட்டினால் எல்லையைத் தாண்டி உங்கள் பக்கம் இரண்டு வரிசை வெட்டுவார். நீங்கள் வெட்டினால் எங்கள் பக்கம் இரண்டு வரிசை. எல்லை எங்கே என்று யாருக்கும் தெரியாது. சண்டைக்குப் பிறகு அவர் மெஷின் எல்லையிலேயே திரும்பிவிடும். புல்லில் ஒரு படி விழுந்து, தெருவிலிருந்து பார்த்தாலே நம் சண்டை தெரிந்தது. அப்படிப்பட்டவர் உங்கள் பின்பக்கம் முழுவதையும் வெட்டியிருக்கிறார். அதுவும் நீங்கள் இல்லாத நாளில்.

சாப்பாட்டு நேரத்தில் நேராகக் கேட்க முடியாமல் சுற்றிச் சுற்றிக் கேட்டேன்.

"மிஸ் ஒலீட்டா வீட்டுப் புல்லு நல்லா இருக்குல்ல, டாடி?"

"எனக்கென்ன தெரியும்? நான் அந்தப் பக்கமே பாக்கறதில்ல."

அம்மா சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "பாக்காமலேதான் அவ கடைக்கு யார் யார் வந்து போறாங்கன்னு தினமும் எனக்குச் சொல்றீங்களாக்கும்" என்றாள்.

"காரு சத்தம் காதுல விழுது, லூரின். காத என்ன அறுத்தா வைக்க முடியும்?"

"கடைய இடிக்கப் போறாங்களாம், டாடி" என்றேன்.

அவர் பீன்ஸ் கிண்ணத்தை எடுத்தார். தட்டில் போட்டுக்கொள்ளாமலே திரும்ப வைத்தார். அப்புறம் எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். அதை எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இப்போது எழுதவில்லை.

டார்லா


மே 28

டார்லா,

ஹோபார்ட் ஸ்டிட்ஹாம் என் புல்லை வெட்டினானா? என் மேல் இரக்கப்பட்டா? நீ வேறு.

எனக்கு இப்போது எல்லாம் விளங்குகிறது. நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறான். கொடியைப் பிடுங்கி என் சுவர்ப் பக்கம் நகர்த்தியிருக்கிறான். யாராவது பார்த்தால் புல் வெட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்ள மெஷினையும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு காருக்காக ஒரு கடை. நல்ல கணக்கு.

நேற்று எட்டு பேர் வந்தார்கள். எட்டு பேருக்கும் சொன்னேன். உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். ஆனாலும் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு முடி வெட்ட எனக்குத் தெரியாது. திங்கட்கிழமைக்குப் பிறகு வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.

இந்தக் கடை போனால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். இன்னொரு இடம் பிடித்து, தண்ணீர்க் குழாய் போட்டு, லைசென்ஸ் வாங்கி மறுபடி தொடங்க எனக்கு வயசு இல்லை. என் புருஷன் போன பிறகு இந்த ஊரில் ஆட்கள் என்னைத் தேடி வருவதே இந்த ஒரு கதவு வழியாகத்தான்.

நீ எழுதாமல் கிழித்தது என்னவோ, அதை எழுது. எழுத முடியாதென்றால் இனிமேல் எதுவுமே எழுதாதே. பாதி உண்மைக்கு நான் தபால்தலை ஒட்டுவதாக இல்லை.

ஒலீட்டா


ஜூன் 1

அன்புள்ள மிஸ் ஒலீட்டா,

எழுதுகிறேன்.

என் அறையின் வெளிப் படிக்கட்டுக்குக் கீழே கொஞ்ச நாளாக ஒரு வாளி கிடக்கிறது. துணி காயப்போட்ட அன்றைக்கு அதை நகர்த்தினேன். அடியில் இருந்த செங்கல்லில் மஞ்சள் பெயிண்ட் கோடு. கொடி குத்துகிறவர்கள் பெயிண்டும் அடித்துக்கொண்டு போவார்கள் இல்லையா, அந்த மஞ்சள். புல்மேல் அடித்த பெயிண்ட் புல்லை வெட்டும்போது புல்லோடு போய்விடும். செங்கல்லை யாரும் வெட்டுவதில்லை.

குழாய் உங்கள் சுவர்ப் பக்கம் போகவில்லை. உங்கள் முன்பக்கத்தில் தொடங்கி, உங்கள் பின்பக்கத்துப் பாறையைத் தாண்டியதும் வளைந்து எங்கள் பக்கம் வருகிறது. நீங்கள் கேள்விப்பட்டதுதான் சரி. அது என் அறையை ஒட்டிப் போகிறது.

டாடியிடம் கேட்டுவிட்டேன். அவர் கொட்டகையில் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, வளைந்த கத்தியைக் கழற்றிக்கொண்டிருந்தார். இத்தனை மாதம் கழற்றாத கத்தியை இப்போது ஏன் கழற்றுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் கேட்க முடிந்தது.

"நீங்கதானே வெட்டினீங்க, டாடி?"

வெகுநேரம் திருகிக்கொண்டே இருந்தார். "முழங்கால் உயரம் நின்னுச்சு. பாம்பு வரும். அவ வெறும் வீட்டுச் செருப்ப மாட்டிக்கிட்டுக் குப்பை கொட்டப் போவா" என்றார்.

"அப்ப அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே."

"என்னன்னு சொல்றது? ஊரு முழுக்க என்னைப் பன்னின்னு சொன்னவகிட்டப் போய், ஒன் புல்ல நான் வெட்டினேன்னா? அவ சிரிச்சே கொன்னுடுவா. நீயும் சொல்லக் கூடாது."

"கொடிய?"

"கத்தியில கம்பி மாட்டும்னு பிடுங்கினேன். ரெண்டு பக்கத்துலதையும் ஒண்ணா அள்ளி ஓரமா வெச்சேன். வெட்டி முடிச்சதும் நேரா நட்டேன். குழாய்ன்னா நேராதானே போகும்? கோணலாப் போறத யாரு கண்டா?"

அது பொய் இல்லை, மிஸ் ஒலீட்டா. அவர் எதை நட்டாலும் நேராகத்தான் நடுவார். தக்காளிச் செடியைக்கூட நூல் பிடித்து நடுவார்.

"அந்தப் பையன் நாடா பிடிச்சப்ப நீங்க முன்வாசல்ல இருந்தீங்க, டாடி. அப்பவாவது சொல்லியிருக்கலாம்" என்றேன். இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அந்தச் செங்கல்ல நானும் பாத்துட்டேன். வாளிய அங்க வெச்சது யாருன்னு நெனைக்கிற? கொடி அங்க போனா ஒன் ரூம்ல பாதி போயிடும், டார்லா. நானே கலந்து ஊத்தின சிமெண்ட்டு அது."

அந்த அறை உங்களுக்குத் தெரியும். அண்ணன் குடும்பம் வந்து தங்கியபோது நான் சமையலறை பெஞ்சில் படுத்தேன். பள்ளியை விட்டதும் யார் முகத்தையும் பார்க்காமல் இருக்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. நான் கேட்கவில்லை. அவராகக் கட்டினார், முதுகு வலியோடு.

இப்போது உங்களுக்கு முழுதும் தெரியும். அவர் உங்கள் கடையைக் குறி வைக்கவில்லை. ஆனால் தெரிந்த பிறகு வாயைத் திறக்கவில்லை. நான் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். அம்மா, "தரை தேயுது, உக்காரு" என்கிறாள்.

டார்லா


ஜூன் 4

டார்லா,

வக்கீல் ஆபீசில் இருந்த பெண் சொன்னாள். கொடியில் அச்சடித்திருக்கும் எண்ணைக் கூப்பிட்டுச் சந்தேகம் என்று சொன்னால் போதும், திரும்ப வந்து கருவி வைத்துப் பார்த்துக் குறிப்பார்களாம். நிலத்துக்காரர் வீட்டில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அது நம் உரிமை. அவர்களுக்குத் தோண்ட உரிமை இருந்தால் நமக்குக் கேட்க உரிமை உண்டு.

அதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தால் பெட்டியில் உன் கடிதம்.

ஃபோனைக் கையில் எடுத்தேன். உன் அறை ஜன்னலில் அந்தப் பச்சைத் திரை தெரிந்தது. வைத்துவிட்டேன். நேற்றும் எடுத்தேன், வைத்தேன். ஒரு பெண்ணுக்குக் காது ஓரத்தில் கோணலாக வெட்டிவிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. அவள் இதுதான் புது மோஸ்தர் போலிருக்கிறது என்று சந்தோஷமாகப் போனாள்.

நான் கூப்பிடப் போவதில்லை. நீ படுக்கிற இடம் அது. சமையலறையில் ஒரு நாற்காலி போட்டு நான் முடி வெட்டிக்கொள்ளலாம், லைசென்ஸ் ஆள் வராத வரைக்கும்.

உன் அப்பனிடம் சொல்லாதே, ஆனால் நான் குப்பை கொட்டப் போவது வீட்டுச் செருப்போடுதான். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

ஒலீட்டா


ஜூன் 11

அன்புள்ள மிஸ் ஒலீட்டா,

எல்லாம் உங்கள் ஜன்னலுக்கு வெளியேதான் நடந்தது. ஆனாலும் எழுதுகிறேன். உங்களுக்குச் சத்தம் கேட்டிருக்காது.

உங்கள் கடிதம் வந்தது செவ்வாய்க்கிழமை. அன்றைக்கே கொடிப் பக்கம் போய் எண்ணைப் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டேன். வியர்வையில் அழிந்தது. மறுபடி எழுதினேன். ஃபோன் முன்வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. டாடி வழக்கம்போல் வெளியே நாற்காலியில் இருந்தார். அவருக்குக் கேட்காமல் பேச வழியில்லை. கேட்கட்டும் என்றுதான் பேசினேன்.

ஒரு பெண் எடுத்தாள். "என்னம்மா, தோண்டப் போறீங்களா?" என்றாள்.

"இல்லைங்க. கொடி எடம் மாறி நிக்குது" என்றேன்.

"யாரு மாத்தினது?"

ஃபோனை வைத்துவிடலாம் என்று இருந்தது.

"புல்லு வெட்டறப்ப எடுத்து வெச்சது" என்றேன்.

"அட, பாதி ஊர்ல அதான் கதை" என்றாள், அலுப்பாக. "நெலத்துக்காரங்க நீங்களா?"

"எங்க டாடிதான். நான் அந்தக் குழாய் ஓரத்து ரூம்ல படுக்கறேன்."

தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வியாழக்கிழமை ஆள் வரும் என்றாள். ஃபோனை மாட்டிவிட்டுத் திரும்பினால் டாடி கம்பிவலைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். திரும்ப மாட்டிக்கொண்டு நாற்காலிக்குப் போய்விட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை.

வந்தவர் கருவியைத் தரையோடு தரையாக நகர்த்திக்கொண்டே போனார். பாறை வரைக்கும் உங்கள் பக்கம். அப்புறம் அது சத்தம் போட்ட வழியே எங்கள் பக்கம் திரும்பினார். நான் எதையும் காட்டவில்லை. டாடிதான் எழுந்து போய், படிக்கட்டுக்குக் கீழே இருந்த வாளியைக் காலால் தள்ளினார்.

"இங்க ஏற்கெனவே குறிச்சிருக்கே" என்றார் அந்த ஆள், செங்கல்லைப் பார்த்து.

"ஆமா" என்றார் டாடி.

"இந்த ரூமு உள்ள வருதே, அண்ணே. பாதி போகும்."

டாடி சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாதி ரூமுன்னா கட்டில குறுக்க போட்டுக்கலாம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பழைய கொடிகளை அந்த ஆள் பிடுங்கிக் கட்டாகக் கட்டி வண்டியில் போட்டுவிட்டு, கருவி காட்டிய வழியில் புதுசு குத்தினார். பார்லர் சுவர் பாதைக்கு வெளியே இருக்கிறது என்று அவர் தாளில் எழுதியதை நான் பார்த்தேன். உங்களுக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வரும். எங்களுக்கும் ஒன்று வரும்.

இன்று காலை அம்மா வேலைக்குப் போன பிறகு, டாடி கொட்டகைக்குப் போய் மெஷினை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். புதுக் கத்தி போட்டிருந்தார். அதை என் முன்னால் நிறுத்திவிட்டு, "முதுகு வலிக்குது" என்றார். போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் அதன் கயிற்றை இழுத்து ஓடவிட்டேன். வீட்டோரத்திலிருந்து தொடங்கினேன். எல்லை வந்தது. நான் திரும்பவில்லை. உங்கள் பக்கம் இரண்டு வரிசை வெட்டினேன். கொடிகள் வந்தபோது ஒன்றையும் பிடுங்காமல் சுற்றிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு கொத்துப் புல்லை விட்டுவிட்டேன்.

டார்லா